கீழ் மடிப்பு

தையல்காரிக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். பிறவிக் குணம். கல்யாணமான புதிதில் புருஷன் ஆசையாக வாங்கிக் கொடுத்த மேஜைக் கடிகாரத்தை மூன்றாம் நாளே திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் திறந்தாய் என்று கேட்டான். "நின்னப்புறம் திறந்தா எப்படி ஓடுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றாள். தையல் கற்றுக்கொண்டதும் அப்படித்தான். யாரிடமும் போய் உட்காரவில்லை. கடையில் வாங்கிய சட்டை ஒன்றைப் பிளேடால் பிரித்து, துண்டு துண்டாகப் பரப்பி, மறுபடி சேர்த்துத் தைத்தாள். முதல் தடவை ஒரு கை முன்பின்னாகப் போய்விட்டது. ஐந்தாவது தடவை கடைச் சட்டையை விட நன்றாக உட்கார்ந்தது.

அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் மூன்று வயது மகளுக்கு என்ன ஆகிறது என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

மகளுக்கு வீட்டில் கட்டெறும்பு என்று பெயர். கறுப்பாகச் சிறுத்த உடம்பு, ஓரிடத்தில் நிற்காத கால், கோபம் வந்தால் நறுக்கென்று கடி. இரண்டரை வயதில் தெருக்கோடி பாலர் பள்ளியில் சேர்த்தபோது டீச்சரையே கடித்து வைத்தவள். அந்தப் பிள்ளைக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்தது. சாப்பாட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். பூச்சி என்றார்கள், மருந்து கொடுத்தாள். திருஷ்டி என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதையும் ஒரு காதில் வாங்கி வைத்தாள். கடைசியில், நேற்று வரை தெரிந்திருந்த வார்த்தைகள் பிள்ளைக்கு இன்று வரவில்லை என்பதைக் கவனித்தபோதுதான் மடியில் உட்கார வைத்து எண்ணச் சொன்னாள். பத்து வரை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை ஆறோடு நின்று அம்மா முகத்தைப் பார்த்தது.

சுகாதார நிலையத்து நர்ஸ் ரத்தம் எடுத்துப் போனாள். பேட்டரிப் பட்டறையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் எல்லாருக்கும் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து ஒரு தாளோடு வந்தாள். ரத்தத்தில் ஈயம். முப்பத்தொன்று என்று போட்டிருந்தது.

"எவ்வளவு இருக்கணும்?" என்று தையல்காரி கேட்டாள்.

"இருக்கவே கூடாதும்மா. அஞ்சு இருந்தாலே நாங்க வீடு தேடி வந்துடுவோம்."

ஈயம் எங்கிருந்து வந்தது என்று யாரும் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளையின் அப்பன் பத்து வருஷமாகப் பேட்டரி உடைக்கிறவன்.

பட்டறை மூன்று தெரு தள்ளி, மேற்கே இருந்தது. லாரி லாரியாகப் பழைய பேட்டரி வந்து இறங்கும். சிலவற்றின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிற எழுத்தை அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது. எந்தக் கடல் தாண்டி, எந்த ஊர்க் காரில் உழைத்து ஓய்ந்து வந்தவையோ. தையல்காரிக்கு அந்த எழுத்துகள் மேல் ஒரு கண். கல்யாணமான புதிதில் புருஷன் அவளுக்காக உரித்துக்கொண்டு வருவான், அவள் டப்பாவில் சேர்த்து வைத்தாள். பட்டறையில் பேட்டரியின் தலையை வெட்டுக்கத்தியால் ஒரே போடு போட்டுப் பிளப்பார்கள். ஆசிட்டைச் சாய்த்துவிட்டு, உள்ளே இருக்கிற தகடுகளை உருவி உலையில் போட்டு உருக்கி, பாளம் பாளமாக ஊற்றி மறுபடி லாரியில் ஏற்றுவார்கள். மேஸ்திரிக்கு இரண்டு மணிக்கட்டும் தொங்கிப் போய்விட்டன. டீ கிளாஸை இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிப்பார். ஆனாலும் கேட்டால், தினம் ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும் என்பார். தூசிதான் விஷம், புகைதான் விஷம், உறைந்து கட்டியாகிவிட்டால் அது வெறும் இரும்பு மாதிரிதான், ஒன்றும் செய்யாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சாஸ்திரம்.

நர்ஸும் தூசியைத்தான் சொன்னாள். தலைமுடியில், செருப்பில், சட்டை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருமாம். வீட்டில் வேறு ஈயச் சாமான் இருக்கிறதா என்றும் கேட்டாள். தையல்காரி யோசித்து, தையல் மெஷினுக்கு அடியில் இருந்த தகர டப்பாவை எடுத்துக் காட்டினாள். உள்ளே பட்டாணிக்குச் சற்றுப் பெரிதாக, தட்டையான ஈயக் குண்டுகள். ஜன்னல் திரைகளின் கீழ் மடிப்பில் வைத்துத் தைப்பதற்கு. பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள் என்றாள் நர்ஸ். அன்றே அது பரண் மேல் ஏறியது. அதோடு அந்த விஷயம் தீர்ந்தது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

அந்தக் குண்டுகளுக்கு ஒரு கதை உண்டு. வருஷத்தில் நாலு மாதம் அந்தப் பக்கம் மேல்காற்று பேய் மாதிரி அடிக்கும். பட்டறைப் பக்கத்துப் புழுதி முழுக்கத் தெருவுக்குள் வரும். சாம்பல் நிறத்தில், மாவு போல, துடைத்தால் விரலில் பளபளக்கும். திரை போட்டால் திரை பறந்து தலைமேல் ஏறிக்கொள்ளும். கீழே கனமாக ஏதாவது இருந்தால் நிற்கும் என்று தையல்காரி ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னாள். ஒரு வாரம் கழித்து அவன் டப்பாவோடு வந்து நின்றான். இரும்புத் தகடு ஒன்றில் வரிசையாகக் குழி போட்டு, சாப்பாட்டு நேரத்தில் உலையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றியிருக்கிறான். ஆறியதும் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, துணியில் துடைத்து, வெள்ளி மாதிரி மினுமினுக்கக் கொண்டுவந்தான். அவன் வேலையிலிருந்து நல்லதாக ஒரு பொருள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவள் ஒன்றைக் கையில் உருட்டி, எடை பார்த்து, "அடேயப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் ஒரு மாதம் சிரித்துக்கொண்டே இருந்தான்.

அந்த வருஷத்திலிருந்து அவள் தைத்த திரைகளுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. எந்தக் காற்றுக்கும் அசையாமல், இஸ்திரி போட்டது போல நேராக விழும் என்று நாலு தெருவுக்குப் பேச்சு. பாலர் பள்ளிக்குப் பதினாறு திரை தைத்துக் கொடுத்தாள். அவள் பார்த்த முதல் பெரிய வேலை அதுதான்.

ரத்தச் சோதனைத் தாள் வந்த அன்று இதெல்லாம் யாருக்கு ஞாபகம்? அவள் கண்ணுக்கு அவன் மேல் இருந்த தூசி மட்டும்தான் தெரிந்தது. முதலில் செருப்பை வாசலில் விடச் சொன்னாள். பிறகு சட்டையை. பிறகு பட்டறையிலேயே குளித்துவிட்டு வரச் சொன்னாள். பிள்ளையைத் தொடப் போனால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அதற்குப் பிறகு அவளே ஒரு நாள் காலையில், அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த எண் இறங்குகிற வரைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்கள் அண்ணன் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். வேறு வேலை தேடுகிறேன் என்றான் அவன். தேடுங்கள், கிடைக்கிற வரைக்கும் அங்கே இருங்கள் என்றாள். அவன் கஞ்சியை முடித்துக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதையும் நிறுத்தினாள். தூசி எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? வீட்டை மூன்று வேளை ஈரத் துணியால் துடைத்தாள். பாலும் முட்டையும் கீரையும் மாற்றி மாற்றி ஊட்டினாள். மேற்கு ஜன்னலின் கண்ணாடிக் கதவைச் சாத்தி, திரையை இழுத்து மூடி வைத்தாள்.

அவன் மட்டும் ஒரு நாள் தவறவில்லை. ஐந்தரை மணிக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, எதிர்ச்சாரியில் மின்கம்பத்தடியில் வந்து நிற்பான். கட்டெறும்பு அந்த ஜன்னலடியில் இருக்கும் மரப்பெட்டி மேல் ஏறி, திரைக்குப் பின்னால் புகுந்துகொண்டு கை காட்டுவாள். அரை மணி நேரம் அப்படியே ஓடும். தெருவில் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்த மாதிரி நிற்கிறாயே என்று கேலி பண்ணுவார்கள். அவன் சிரித்து வைப்பான். பிறகு பிள்ளைக்கு நேரம் காலம் தெரியாமல் போய், நாலரைக்கே பெட்டி மேல் ஏறி நிற்கத் தொடங்கியது.

இரண்டு மாதம் கழித்து நர்ஸ் மறுபடி ரத்தம் எடுத்தாள். முப்பத்தெட்டு.

தையல்காரி அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். வேறு பிள்ளையின் தாளாக இருக்குமோ என்று பெயரைப் பார்த்தாள். இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பதில் கடிகாரத்தைத் திறக்கும்போது வருமே அந்த அரிப்புதான் வந்தது. அப்பன் வீட்டில் இல்லை. தூசி இல்லை. அப்புறம் எப்படி ஏறும்?

நர்ஸுக்கும் புரியவில்லை. சுவரைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்தாள், தண்ணீரைப் புட்டியில் பிடித்தாள், தரையைப் பஞ்சால் துடைத்து எடுத்தாள். எல்லாவற்றையும் சோதித்துவிட்டு வந்து, இந்தத் தெருவிலேயே சுத்தமான வீடு இதுதான் என்றாள். போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாள்.

"ஒரு நாள் முழுக்க அவ பின்னாடியே போங்க. வாயில என்னென்ன போகுதோ ஒண்ணு விடாம எழுதுங்க. எனக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு உங்க வீட்டுல இருக்கு."

இப்படி ஒரு வேலைக்குத்தான் தையல்காரி பிறந்திருந்தாள். அளவு எழுதும் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து எடுத்து, மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து கண்கொத்திப் பாம்பாகப் பிள்ளை பின்னாலேயே அலைந்தாள். வலது கை ஆள்காட்டி விரல். இடது கைக் கட்டை விரல். தலையணை நுனி. தன் கால் பெருவிரல், இது எப்படி எட்டுகிறதென்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். கஞ்சிக் கரண்டி. காலி நூல்கண்டு. கத்தரிக்கோலின் கைப்பிடி, பிடுங்கிவிட்டேன். அம்மாவின் முழங்கை. வாழைப்பழம், தோல் உட்பட. அம்மாவின் முழங்கை மறுபடி. எழுதிக்கொண்டே வரும்போது அவளுக்கு வியப்போடு சிரிப்பும் வந்தது. உலகத்தைத் தெரிந்துகொள்ள நான் பிளேடை எடுக்கிறேன், இது பல்லை எடுக்கிறது, ஒரே ரத்தம்தான் என்று நினைத்துக்கொண்டாள். ரத்தம் என்ற சொல் மனசில் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மாலைக்குள் நாற்பத்தோரு வரி ஆயிற்று. ஒவ்வொன்றையும் எடுத்து முகர்ந்தாள், சுரண்டினாள், சிலதைப் பிள்ளைக்குத் தெரியாமல் நக்கியும் பார்த்தாள். எதிலும் ஒன்றும் பிடிபடவில்லை. நாலரைக்குப் பிள்ளை பெட்டி மேல் ஏறித் திரைக்குப் பின்னால் போனது. திரைக்குக் கீழே இரண்டு சின்னக் கெண்டைக்கால் மட்டும் தெரிந்தது. தையல்காரி தாளில் எழுதினாள்: ஜன்னல். திரைக்குப் பின்னால். தெரியவில்லை.

"தெரியவில்லை" என்று எழுதியதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. திரையை விலக்கினால் பிள்ளை செய்கிறதை நிறுத்திவிடும். ஐந்தே முக்கால் வரை பொறுத்தாள். பிறகு சத்தமில்லாமல் வாசல் வழியாக இறங்கி, தெருவைக் கடந்து, மின்கம்பத்தடியில் புருஷன் பக்கத்தில் போய் நின்றாள்.

இரண்டு மாதத்தில் அவன் பக்கத்தில் நிற்பது அதுதான் முதல் தடவை. சோப்பு வாசனை வந்தது. அவன் ஒரு அடி தள்ளி நின்றான். அந்த ஒரு அடி அவளைச் சுருக்கென்று குத்தியது.

"ரிப்போர்ட் வந்திருக்காம். ஏறிடுச்சாமே. நர்ஸம்மா சொன்னாங்க" என்றான்.

"ஆமா."

"நான் இல்லாமயே ஏறியிருக்கு." அவன் குத்திக்காட்டவில்லை. அவனுக்கும் அது புரியாத கணக்காகத்தான் இருந்தது.

"அவ அங்க நின்னு என்ன பண்றா? உள்ளேருந்து பாத்தா காலு மட்டும்தான் தெரியுது."

"என்ன பண்ணுவா. கை காட்டுவா. நான் தலையைச் சொறிஞ்சா அவளும் சொறிவா. மத்த நேரம் அந்தத் துணி முனையைச் சப்பிக்கிட்டு நிப்பா."

"எந்தத் துணி?"

"ஸ்கிரீனோட கீழ் முனைதான். தினம் அதே முனை. நான் வர்றதுக்கு முன்னாடியே சப்பி நனைச்சு வச்சிருப்பா. ஏதோ மிட்டாய் மாதிரி ஒரு பக்கமா ஒதுக்கிக் கடிப்பா பாரு, பாக்கவே அழகா இருக்கும்."

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் கட்டெறும்பு நின்றிருந்தாள். அம்மாவையும் அப்பாவையும் சேர்த்துப் பார்த்ததில் முகம் மலர்ந்திருந்தது. ஒரு கையால் கண்ணாடியைத் தட்டினாள். இன்னொரு கை நீலத் திரையின் மூலையைப் பிடித்திருந்தது. மூலை வாய்க்குள் இருந்தது. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

தையல்காரி அந்த மூலையைக் கைநீட்டிக் காட்டினாள்.

"அதுல குண்டு இருக்கு" என்றாள்.

"எதுல?"

"நீங்க முதல்ல குடுத்தீங்களே, அதுல எட்டை எடுத்து நம்ம ஜன்னலுக்குத்தான் வச்சேன். முதல்ல நம்ம வீட்டுக்குன்னு."

திரைக்குள் குண்டு இருப்பது அவளுக்குத் தெரியும், பிள்ளை அதைச் சப்புவது தெரியாது. பிள்ளை சப்புவது அவனுக்குத் தெரியும், குண்டெல்லாம் வாடிக்கைக்காரர் வீட்டுத் திரைகளுக்கே போய்விட்டது என்றுதான் அவன் நினைத்திருந்தான். இரண்டு மாதம் இந்தத் தெரு அகலத்துக்கு விடை இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாகக் கிடந்திருக்கிறது. அதுவும் அப்பனுக்காகக் காத்து நின்ற நேரத்தில்தான் பிள்ளை அதிகமாகச் சப்பியிருக்கிறது. பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று அவனை வெளியே அனுப்பியது யார் என்று தையல்காரிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஓடினார்கள். வாசற்படியில் அவன் பழக்கதோஷத்தில் நின்றுவிட்டான். அவள் திரும்பிப் பார்த்து, "உள்ள வாங்க" என்றாள். கட்டெறும்பு பெட்டியிலிருந்து குதித்து அவன் காலைக் கட்டிக்கொண்டது. அவன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றான். "தூக்குங்க, குளிச்சுத்தானே இருக்கீங்க" என்றாள் அவள். அவன் தூக்கியதும் பிள்ளை அவன் தோளில் நறுக்கென்று கடித்தது. அவன் வலிக்கிறது என்று சொல்லவில்லை, அழுதுவிட்டான்.

தையல்காரி திரையைக் கழற்றித் தரையில் விரித்தாள். பிளேடை எடுத்துக் கீழ் மடிப்பைப் பிரித்தாள். ஊரில் உள்ளவர்கள் தைத்ததையெல்லாம் பிரித்துப் பார்த்தவள், தான் தைத்ததை மட்டும் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. மூலையில் துணி நைந்து, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற இரண்டு பொத்தல் விழுந்திருந்தது. எட்டுக் குண்டுகளும் ஒவ்வொன்றாக உருண்டன. அவன் பிள்ளையை இறக்காமலே குனிந்து பார்த்தான்.

"எட்டும் ஒரே அச்சு" என்றான். "அது மட்டும் வேற."

ஏழு குண்டு மங்கிப் போய், ஊற்றிய வடிவத்திலேயே இருந்தன. எட்டாவதன் மேல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. துணியால் துடைத்தபோது ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளம். அரிசி பதிந்த மாதிரி வரிசையாக, மேலே நாலு, கீழே நாலு.

நர்ஸ் மறுநாள் காலையில் வந்து அந்தக் குண்டைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு டப்பாவைக் காட்டினீர்களே, அது எதற்குள் போகிறதென்று நான் கேட்டிருக்க வேண்டும் என்று நொந்துகொண்டாள். இனி ஏறாது, மெல்ல இறங்கும், எலும்பில் போய் உட்கார்ந்தது இறங்க வருஷமாகும், மறந்த வார்த்தை திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, பேசிக்கொண்டே இருங்கள் என்றாள். அதற்காகப் பட்டறைத் தூசி நல்லது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, குளித்துவிட்டு வருவதை நிறுத்தினால் நானே வந்து உங்களை வெளியே தள்ளுவேன் என்று அவனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். கட்டி ஒன்றும் செய்யாது என்கிற சாஸ்திரத்தை மேஸ்திரியிடம் போய்த் தானே உடைக்கிறேன் என்றான் அவன்.

நர்ஸ் போனதும் தையல்காரி அளவு நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். எந்த வீடு, எத்தனை ஜன்னல், எத்தனை அடி. எல்லாம் அவள் கையெழுத்து. அறுபத்து மூன்று வீடு. அதில் எந்தெந்த வீட்டில் கைப்பிள்ளை, எந்த வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பது அளவு எடுக்கப் போனவளுக்குத் தெரியாதா?

அவன் கதவோரம் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விஷத்தை வச்சுத் தச்சுட்டேன்னு நீயே போய்ச் சொன்னா, அப்புறம் யாரு உன்கிட்ட துணி குடுப்பாங்க?" என்றான். தடுக்கிற குரல் இல்லை, அவளுக்காகப் பயந்த குரல்.

"குடுக்க மாட்டாங்க."

"ஊத்தினது நான்னு சொல்லிடு."

"தச்சது நான்தானே. நீங்க அவளைப் பாத்துக்கங்க. எண்ணச் சொல்லுங்க, ஆறுக்கு மேல."

பிளேடைக் காகிதத்தில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். குண்டு போட ஒரு பை எடுத்துக்கொண்டாள். முதல் வாசல் எது என்று யோசிக்கவே இல்லை, கால் அதுவாகவே தெருக்கோடிக்குப் போயிற்று.

பாலர் பள்ளியில் மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்குகிற நேரம். டீச்சர் உதட்டில் விரல் வைத்தபடியே கதவைத் திறந்து, கட்டெறும்புக்கு எப்படி இருக்கிறது என்று சைகையால் கேட்டாள். தையல்காரி அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. டீச்சரின் முகம் மாறுவதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். டீச்சர் வழிவிட்டாள்.

உள்ளே எட்டு ஜன்னல், பதினாறு திரை. ஜன்னலடியில் வரிசையாகப் பாய், பாய்க்கு ஒரு பிள்ளை. தையல்காரி முட்டி போட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே நகர்ந்து, ஒவ்வொரு திரையின் மூலையையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். உள்ளே குண்டு விரலுக்கு நெருடியது. மூலை காய்ந்திருந்தது. அடுத்ததும் காய்ந்திருந்தது. ஆறு ஜன்னல் வரை காய்ந்தே இருந்ததில் அவளுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

ஏழாவது ஜன்னலின் மூலை நனைந்திருந்தது. கட்டெறும்பு இந்தப் பள்ளிப் பக்கமே வராமல் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. தையல்காரி கீழே பாயில் தூங்குகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தது. அந்த வீட்டுக்குத் திரை தைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

காகிதத்தைப் பிரித்துப் பிளேடை எடுத்தாள்.